உடலறியும் ஆடை: உணரிகள் துணிக்குள் புகுந்த வரலாறு

இதயத் துடிப்பையும் மூச்சையும் அளக்கும் ஆடையின் வரலாறு பெரும்பாலும் மின்னணுவியலின் கிளைக்கதையாகவே சொல்லப்படுகிறது. உணரிகள் சிறுத்தன, மின்கலம் எடை குறைந்தது, அதனால் ஆடை பிறந்தது என்பது அந்தப் பார்வை. அது பாதி உண்மைதான். மாதிரி ஆடைகளைக் கால வரிசையில் வைத்து நோக்கினால், பெரிய தடைகள் துணியில்தான் எழுந்தன. தீர்வுகளும் நெசவு, பின்னல், தையல் அறிவிலிருந்தே வந்தன. இக்கட்டுரை அந்தப் போக்கைத் தொடர்கிறது.

கருவியைச் சுமந்த உடல்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் இதயத்தின் மின்னலைகளைப் பதிவு செய்தார். அதற்காக நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ச் சாடிகளில் அமிழ்த்தி உட்கார வேண்டியிருந்தது. 1947இல் அமெரிக்காவின் மொன்டானாவில் நார்மன் ஹோல்டர் அந்தப் பதிவை நடமாடும் மனிதரிடமிருந்தே வானொலி அலை வழியாகப் பெற்றார். முதுகில் சுமந்த கருவியின் எடை சுமார் 38 கிலோ. பின்னர் டிரான்சிஸ்டர் வந்து சுமையைக் குறைத்தது. தோலில் ஒட்டிய மின்முனைகளும் தொங்கும் கம்பிகளும் மட்டும் மாறவில்லை.

தறியிலேயே உருவான சட்டை

திருப்புமுனை அட்லாண்டாவில் நேர்ந்தது. 1996 அக்டோபரில், அமெரிக்கக் கடற்படைத் துறையின் நிதியுதவியோடு ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஜவுளிப் பொறியியலாளர் சுந்தரேசன் ஜெயராமன் அதற்குத் தலைமை ஏற்றார். குண்டடிபட்ட வீரரின் காயத்தையும் உடல்நிலையையும் மருத்துவக் குழுவுக்கு உடனே தெரிவிப்பது நோக்கம்.

ஆடையில் பிளாஸ்டிக் ஒளியிழை உடலைச் சுற்றிச் சுருளாக ஓடும். ஒரு முனையில் செலுத்திய ஒளி மறுமுனையை எட்டாவிட்டால், துணி துளைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஆனால் சட்டை என்பது துணியை வெட்டித் தைப்பது. வெட்டினால் ஒளியிழை அறுந்துவிடும். துணியைக் குழாய் வடிவில் நெய்வது முன்பே அறிந்த முறைதான். கை நுழையும் இடத்திலும் இழை அறாமல், முழுச் சட்டையையும் தறியிலேயே உருவாக்கும் முறையை ஜெயராமன் குழு வகுத்தது. 2000இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

மின்கடத்தும் இழைகளும் துணியின் பகுதியாயின. அழுத்துப் பொத்தான் போன்ற இணைப்பிகள் வழியே வேண்டிய உணரியை வேண்டிய இடத்தில் மாட்டலாம், துவைக்கும்போது கழற்றலாம். தரவுகள் இடுப்பில் அணிந்த சிறு கருவிக்குச் சென்றன. உணரிகளைத் துணியோடு நிலையாகப் பிணைக்காததால், போர்வீரருக்கென எழுந்த வடிவமைப்பு பச்சிளங்குழந்தையின் மூச்சைக் கண்காணிக்கவும் இடம் தந்தது. கணினியின் மதர்போர்டில் பாகங்களைச் செருகுவதுபோல உணரிகளை மாட்ட முடிந்ததால்தான், அதற்குச் சூட்டிய 'அணியக்கூடிய மதர்போர்டு' என்ற பெயர் பொருந்தியது.

நெசவிலிருந்து பின்னலுக்கு

மின்முனை தோலோடு இறுகப் படிய வேண்டும். நெய்த துணியைவிடப் பின்னல் துணி நன்றாக இழுபடும். 2002இல் தொடங்கிய 'வெல்தி' என்னும் ஐரோப்பியத் திட்டத்தில், இத்தாலியின் ஸ்மார்ட்டெக்ஸ் நிறுவனம் பின்னலையே தேர்ந்தது. விஸ்கோஸ் நூலில் துருப்பிடிக்காத எஃகு இழையைச் சுற்றி மின்முனைகள் பின்னப்பட்டன. இழுபடும்போது மின்தடை மாறும் இழைகள் மார்பின் ஏற்ற இறக்கத்திலிருந்து மூச்சை அளந்தன. உலர்ந்த தோலில் சமிக்ஞை மங்கியதால் மின்முனைமேல் ஹைட்ரோஜெல் படலம் சேர்க்கப்பட்டது.

2007இல் லியா பியூக்லி வடிவமைத்த, துணியில் தைக்கக்கூடிய மின்னணுப் பலகையான லில்லிபேட் ஆர்டுயினோ விற்பனைக்கு வந்தபின், மின்கடத்தும் நூலும் ஊசியும் கொண்டு மாணவர்களும் மாதிரி ஆடைகளைத் தைத்துப் பார்க்க முடிந்தது.

முடிவுரை

உடல் அசையும்போது சமிக்ஞையில் இரைச்சல் கலக்கிறது. துவைக்கத் துவைக்க மின்கடத்தும் நூலின் வெள்ளிப் பூச்சு தேய்கிறது. இவ்விரண்டும் இன்றும் துணியின் சிக்கல்களே. எனவே மாதிரி ஆடையை, அசையாமல் நிற்கும் ஒருவரிடம் பெற்ற தெளிவான இதய வரைபடத்தை மட்டும் கொண்டு மதிப்பிடுவது போதாது. பலமுறை துவைத்து, வியர்வையில் நனைந்து, வேலை செய்யும் உடலில் கிடந்த பிறகும் அது சரியாக அளக்கிறதா என்பதே உண்மையான சோதனை. அதற்கு நெசவாளரும் தையற்கலைஞரும் ஆடையின் முதல் வடிவமைப்பு வரைபடம் போடும் நாளிலேயே ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டும்.