கைவிட்ட நட்டஈடும் கைவிடப்பட்டோரும்

போரில் தோற்றோர் வென்றோர்க்கு ஈடு செலுத்துவதே பழைய வழக்கு. அதற்கு மாறான நிகழ்வொன்றின் சுவடு பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள தியத்தலாவையில் உண்டு. 1900 முதல் போயர் போர்க்கைதிகள் அங்கு முகாமில் அடைக்கப்பட்டிருந்தனர். 1902 மே 31இல் கைச்சாத்தான உடன்படிக்கையில், வென்ற பிரித்தானியாவே தோற்ற போயர்களின் பண்ணைகளைச் சீரமைக்க முப்பது இலட்சம் பவுண் வழங்க இசைந்தது. பெருந்தன்மை எனலாம். ஆனால் அதே உடன்படிக்கை, சுயாட்சி வழங்கப்படும்வரை ஆபிரிக்க மக்களின் வாக்குரிமைபற்றி முடிவெடுப்பதில்லை எனவும் விதித்தது. இரு வெள்ளைத் தரப்பினரும் இணங்கினர். விலை கொடுத்தோர் மூன்றாந் தரப்பினர்.

1951 செப்டெம்பரில் நடைபெற்ற சான் பிரான்சிஸ்கோ மாநாட்டையும் நாம் இவ்வாறே நோக்குதல் தகும். இலங்கை யப்பானிடம் நட்டஈடு கோராது என நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன 6ஆம் திகதி அங்கு அறிவித்தார். புத்தரின் போதனையை ஆதாரமாகக் காட்டினார். இவ்வுரை இன்றும் போற்றப்படுகிறது. அதில் அவர் நிரற்படுத்திய இழப்புகளோ அத்துணை நினைவுகூரப்படுவதில்லை. விமானத் தாக்குதல், பெரும்படைகளின் தரிப்பு, நேச நாடுகளுக்காக இறப்பர் மரங்களை அளவிறந்து பால்வெட்டிச் சிதைத்தமை ஆகியவற்றுக்கு ஈடு கேட்க நமக்கு உரிமையுண்டு என்று அவரே கூறியிருந்தார்.

வென்றோரிடையே அப்போது ஒற்றுமை இருக்கவில்லை. சீனா அழைக்கப்படவில்லை, சோவியத் யூனியன் ஒப்பமிட மறுத்தது. யப்பானைத் தன் அரணாக்க விழைந்த ஐக்கிய அமெரிக்கா, சமாதான உடன்படிக்கை கைச்சாத்தான 8ஆம் திகதியன்றே அதனுடன் பாதுகாப்பு ஒப்பந்தமும் செய்துகொண்டது. ஈடு கேளாமை அறத்துக்கு மட்டுமன்றி வாசிங்டனுக்கும் உகந்ததாயிருந்தது. மாநாட்டுக்குச் செல்லாத இந்தியாவும் 1952இல் தனி உடன்படிக்கைமூலம் ஈட்டைக் கைவிட்டது. பர்மாவும் பிலிப்பைன்சும் பின்னர் கேட்டுப் பெற்றன.

ஈட்டைக் கைவிட்டதை நாம் குறை கூறவில்லை. அம்மரங்களை வெட்டியோர் யார் என்பதே நம் வினா. தோட்டங்களில் பால்வெட்டியோருள் பெருந்தொகையினர் தமிழ்த் தொழிலாளர். ஊவாவில் அவர்கள் கொய்த தேயிலையும் பிரித்தானிய உணவமைச்சின் மொத்தக் கொள்வனவுக்கே சென்றது. 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரவு குன்றியபோது, லயங்களிலும் பங்கீட்டரிசியே உணவாயிற்று. இவ்விழப்புகள் யாவும் நாட்டின் கணக்கில் எழுதப்பட்டன. எழுதப்பட்ட வேளையில் அவர்களுட் பெரும்பாலோர் அந்நாட்டின் பிரசைகளாகவே கருதப்படவில்லை; 1948ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமையையும், 1949ஆம் ஆண்டுத் திருத்தம் வாக்கையும் பறித்திருந்தன.

1947இல் மலையகத்திலிருந்து எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியன் காங்கிரஸ், மாநாடு முடிந்து எட்டுத் திங்களில் வந்த தேர்தலில் ஓரிடத்தையும் பெறவில்லை.