வீட்டு புரோக்கர் யாருடைய ஆள்? துபாஷி காலம் முதல் ரெரா வரை

சென்னையில வீடு தேடினவங்களுக்கு ஒரு வார்த்தை நல்லா பழக்கம்: ‘புரோக்கர்ஸ் எக்ஸ்கியூஸ்’. பேப்பர் வரி விளம்பரத்தோட கடைசியில நிற்கும். தரகர்கள் மன்னிக்கணும், தயவுசெய்து கூப்பிடாதீங்க என்று அர்த்தம். அந்த விளம்பரத்தைப் போட்டவரே ரெண்டு மாசம் கழிச்சு ஒரு புரோக்கருக்கு போன் பண்ணிட்டு இருப்பார். வேண்டாம் என்கிறோம், அவர் இல்லாமலும் முடியல. ஏன் இப்படி? இதுக்குப் பின்னாடி ஒரு நீண்ட வரலாறு இருக்கு. இன்னைக்கு அதைப் பார்ப்போம்.

இந்த நகரமே ஒரு நிலப் பேச்சுவார்த்தையில் பிறந்ததுதான். மெட்ராஸ் டே என்று ஆகஸ்ட் 22-ஐக் கொண்டாடுகிறோம் இல்லையா? 1639-ல் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கிழக்கிந்திய கம்பெனிக்காக பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரைத் துண்டைப் பெற்றார். அந்தப் பேச்சில் டே பக்கம் உதவியவர் பேரி திம்மப்பா என்ற துபாஷி என்று நகர வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். துபாஷி என்றால் இரண்டு மொழி பேசுபவர். ஆனால் பின்னால் வந்த துபாஷிகள் மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. சரக்கு பிடித்துக் கொடுத்தார்கள், கடன் ஏற்பாடு செய்தார்கள், விலை பேசினார்கள். பெயருக்கு வெள்ளைக்காரரின் ஆள். அதே நேரத்தில் சொந்த வியாபாரமும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போ அவர் உண்மையில் யாருடைய ஆள்? இந்தக் கேள்வியை மனசுல வச்சுக்கோங்க. எபிசோடு முழுக்க நம்ம கூடவே வரும்.

துண்டுக்குள்ள கை

தரகு என்பது நிலத்துக்கு மட்டும் உள்ள தொழில் இல்லை. மாட்டுச் சந்தையில் பார்த்திருப்பீங்க. தரகர் ஒரு துண்டைப் போட்டு, அதுக்குள்ள விரலைப் பிடித்து விலை பேசுவார். விற்பவர் மனசில் இருக்கும் விலை அவருக்குத் தெரியும், வாங்குபவர் எவ்வளவு வரை போவார் என்பதும் தெரியும். ரெண்டையும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவருடைய பலமும் அதுதான், அவர்மேல் நமக்குள்ள சந்தேகமும் அதுதான்.

வீட்டு விஷயத்தில் விலையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடலாம், வீட்டை முடியாது. ‘இது என்னுடையது’ என்று சொல்கிற ஆளை எதை வைத்து நம்புவது? கிராமத்தில் எந்த நிலம் யாருடையது என்று ஊருக்கே தெரியும். நகரத்தில் அந்த ஊர் கிடையாது. 1920-களில் பழைய ஏரி இருந்த இடத்தில் தி.நகர் மனை மனையாக எழுந்தபோது, அங்கே குடிவந்தவர்கள் பலர் ஒருவருக்கொருவர் புதியவர்கள். இப்படிப்பட்ட இடத்தில் ‘இந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும்’ என்று சொல்ல ஒருத்தர் வேண்டும். ஊரின் ஞாபகத்தைத் தன் தலையில் சுமந்தவர் தரகர்.

பதிவேடு வந்தது, வேலை கூடியது

இந்த ஞாபகத்தை அரசாங்கம் காகிதத்தில் ஏற்றப் பார்த்தது. 1864-ல் பதிவுச் சட்டம் வந்தது. பலமுறை மாற்றி எழுதப்பட்டு, 1908-ல் வந்த சட்டம்தான் இன்றும் அடிப்படை. 1882-ன் சொத்து மாற்றுச் சட்டம், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, நிலத்தைப் பதிவான பத்திரம் மூலமாகத்தான் விற்க முடியும் என்றது.

சரி, இனி தரகர் எதுக்கு என்று தோன்றலாம். நடந்தது நேர் எதிர். பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதிவு செய்கிறதே தவிர, விற்பவர்தான் உண்மையான உரிமையாளர் என்று உத்தரவாதம் தருவதில்லை. 2025 ஏப்ரலில்கூட, தமிழ்நாட்டின் ஒரு பதிவு விதியை ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது: உரிமையை ஆராய்வது சார்பதிவாளரின் வேலை இல்லை. இன்னொரு பக்கம், பதிவேட்டில் இருக்கும் விஷயம் வாங்குபவருக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. ‘நான் பார்க்கலை சார்’ என்றால் எடுபடாது.

ஆக தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என்று ஒரு கட்டு காகிதத்தை யாராவது தேடி எடுத்து வரிசையாக அடுக்க வேண்டும். அந்த அலைச்சல் தரகரிடம் வந்து சேர்ந்தது.

வில்லங்கச் சான்றில் எல்லாமே தெரியும் என்றும் நினைக்காதீங்க. 1882 சட்டத்திலேயே ஒரு சுவாரசியமான ஏற்பாடு உண்டு. கல்கத்தா, மதராஸ், பம்பாய் நகரங்களில் வீட்டுப் பத்திரத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்தாலே அது அடமானம். எதையும் பதிய வேண்டியதில்லை என்பதால், அப்படி வாங்கிய கடன் வில்லங்கத்தில் வராமலே போகலாம். ‘ஒரிஜினலைக் காட்டுங்க, ஜெராக்ஸ் வேண்டாம்’ என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடிப்பதன் பின்னணி இதுதான்.

ஒரு விற்பனை, பல கட்டங்கள்

நல்ல தரகர் ஒருத்தர் உண்மையில் என்னென்ன செய்கிறார்? விற்பவரிடம் தெருவின் நிலவரத்தைச் சொல்லி, ஆசை விலையிலிருந்து கிடைக்கிற விலைக்கு இறக்குகிறார். வாங்க வருபவரிடம் கடனுக்குத் தகுதி இருக்கிறதா என்று முதலிலேயே விசாரிக்கிறார். அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை மாதத்தில் கிரையம் என்று உடன்படிக்கை போட வைக்கிறார். 2015-லிருந்து வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கக் கூடாது. 2013-லிருந்து 50 லட்சமோ அதற்கு மேலோ விலை என்றால், வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். இதையெல்லாம் ஞாபகப்படுத்துபவரும் அவர்தான். பதிவு முடிந்த பிறகும் பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு என்று பெயர் மாற்ற வேலைகள் வரிசையில் நிற்கும்.

இதில் கஷ்டமான கட்டம் குடும்பம். 1989-ல் தமிழ்நாடும், 2005-ல் நாடு முழுவதற்குமாக மத்தியச் சட்டமும் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு கொடுத்தன. ஆனாலும் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்கப் பார்ப்பது நின்றுவிடவில்லை. ‘உங்க தங்கச்சியும் வந்து கையெழுத்துப் போடணும் சார்’ என்று முதலில் வாயைத் திறக்க வேண்டியவர் பல நேரம் புரோக்கர்தான். சொன்னால் விற்பனை தள்ளிப்போகலாம், நின்றே போகலாம். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் பங்கு போகும், வாங்கியவர் பல வருஷம் கோர்ட்டுக்கு அலைவார்.

இங்கதான் விஷயம் இருக்கு. தரகருக்குச் சம்பளம் கிடையாது. கிரையம் முடிந்தால் விலையில் ஒன்றோ இரண்டோ சதவீதம், பெரும்பாலும் ரெண்டு பக்கமும். முடியாவிட்டால் ஒன்றும் இல்லை. அதனால் விற்பனையை நகர்த்துகிற எல்லா வேலையையும் அவர் ஓடி ஓடிச் செய்வார். நிறுத்த வேண்டிய இடத்தில் மட்டும் நாக்கு தயங்கும். கெட்டவர் என்பதால் அல்ல, கூலி அப்படி அமைந்திருக்கிறது.

சட்டம் என்ன சொன்னது?

1872-ன் ஒப்பந்தச் சட்டம் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கிறது. முகவர் தன் முதலாளிக்குத் தெரியாமல் அதே வியாபாரத்தில் தனக்கென்று லாபம் பார்த்தால், அந்த லாபத்தை முதலாளி கேட்டு வாங்கலாம். விற்பவரிடம் ஒரு விலை, வாங்குபவரிடம் இன்னொரு விலை சொல்லி நடுவில் நிற்கும் பணத்தை எடுத்துக்கொள்வதற்கு எதிரான விதி இது. ஆனால் எழுத்தில் எதுவும் இல்லாத ஏற்பாட்டில் யார் முதலாளி என்று எப்படி நிரூபிப்பீங்க?

2010-களில் அடுத்தடுத்து அடிகள் விழுந்தன. பொது அதிகாரப் பத்திரத்தையும் விற்பனை ஒப்பந்தத்தையும் வைத்து மட்டும் சொத்து கைமாறாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. ‘பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு, கவலைப்படாதீங்க’ என்ற வார்த்தையை நம்பிச் சேமிப்பைப் போட்ட குடும்பங்கள் விற்கவும் முடியாமல், வீடு கட்டவும் முடியாமல் மாட்டிக்கொண்டன. வரன்முறைப்படுத்தும் திட்டம் 2017-ல்தான் வந்தது.

அதே 2016-ல் வந்ததுதான் ரெரா. முகவர் பதிவு செய்துகொள்ள வேண்டும், வாங்குபவருக்கு உரிமையுள்ள தகவல்களும் ஆவணங்களும் கிடைக்க உதவ வேண்டும், மீறினால் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம். பெரிய மாற்றம்தான். ஆனால் இந்த முகவர் பதிவு, ரெராவில் பதிவான புதுத் திட்டங்களின் விற்பனைக்குத்தான். மாம்பலத்தில் 30 வருஷப் பழைய பிளாட்டைக் கைமாற்றிவிடும் புரோக்கர் இதற்குள் வருவதில்லை. அங்கே இன்றும் துண்டுக்குள்ள கைதான்.

இன்று வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நாமே இலவசமாகப் பார்க்கலாம். வீட்டுப் படங்கள் செயலிகளில் கொட்டிக் கிடக்கின்றன. தகவலுக்காக மட்டும் தரகர் தேவைப்பட்ட காலம் போய்விட்டது. ரெண்டு குடும்பங்களை ஒரே மேசையில் உட்கார வைத்து, கோபத்தை ஆற்றி, தேதி குறித்து, சார்பதிவாளர் ஆபீஸ் வரை கூட்டிப் போகிற வேலை எந்தச் செயலியிலும் இல்லை. அதுக்கு அவர் வாங்கும் கமிஷன் நியாயமானதுதான்.

ஆனால் ‘இந்த வீட்டை வாங்காதீங்க’ என்று சொல்லும் வேலையை அவரிடம் எதிர்பார்க்காதீங்க. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரே பீஸ் வாங்கும் வக்கீலிடம் அதை ஒப்படையுங்க. அவரை நீங்களே தேடிப் பிடிங்க, புரோக்கர் காட்டுகிற வக்கீல் வேண்டாம். முதல் சந்திப்பிலேயே புரோக்கரிடம் நேராக ஒரு கேள்வி கேளுங்க: ‘அண்ணே, நீங்க யார் பக்கம்? ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்குறீங்களா?’ பதிலை ஒரு வாட்ஸ்அப் மெசேஜிலாவது எழுத்தில் வாங்கி வச்சுக்கோங்க. நல்ல புரோக்கர் இதுக்குக் கோபப்பட மாட்டார்.