புலிப்பொறி முதல் பொங்கல் வாழ்த்து வரை

வாழ்த்து அட்டை அனுப்புவது வெள்ளைக்காரன் கற்றுக் கொடுத்த பழக்கம் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். அட்டையில் அச்சுக்கட்டையால் ஒற்றிப் படம் போடுவதோ, பிள்ளைகள் கோடை விடுமுறையில் செய்யும் கைவேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். முப்பது வருஷத்துக்கு மேலாக அகமதாபாத்தில் காகித வியாபாரம் செய்து வருபவன் நான். பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளன் அல்லன். கடை மூடிய பிறகு படித்ததும், போய்ப் பார்த்ததும்தான் என் மூலதனம். அதை வைத்துக்கொண்டு இந்த இரண்டு எண்ணங்களையும் கொஞ்சம் உரசிப் பார்க்கிறேன்.

முத்திரை முதலில் அழகுக்காக வந்ததல்ல, வாணிபத்துக்காக வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் ஏறும் சரக்குக்கும் இறங்கும் சரக்குக்கும் சுங்க அதிகாரிகள் சோழனுடைய புலிச் சின்னத்தைப் பொறித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. நாம் பிழைக்க வந்திருக்கும் இந்தக் குஜராத்திலும் அதற்கு ஓர் அண்ணன் இருக்கிறது. லோத்தலில் 1955-ல் எஸ்.ஆர். ராவ் தொடங்கிய அகழாய்வில், சிந்துவெளி முத்திரை பதித்த களிமண் வில்லைகள் பண்டகசாலைப் பகுதியில் கிடைத்தன. வில்லையின் முன்பக்கம் முத்திரை. பின்பக்கம் பாயும் துணியும் கயிறும் அழுந்திய தடம். மூட்டையின் மேல் களிமண்ணை அப்பி முத்திரை குத்தியிருக்கிறார்கள். பண்டகசாலை தீப்பிடித்தபோது அந்தக் களிமண் சுட்டுக் கெட்டிப்பட்டதால்தான் நமக்கு மிஞ்சியது. "இது என் சரக்கு, இதற்கு நான் பொறுப்பு" என்பதுதான் முத்திரையின் முதல் பேச்சு.

அடுத்து அச்சு துணிக்குப் போனது. எகிப்தில் கெய்ரோவை ஒட்டிய பழைய ஃபுஸ்தாத் நகரத்தோடு தொடர்புடைய, குஜராத்தில் அச்சிட்ட பருத்தித் துணித் துண்டுகள் ஆயிரத்துக்கும் மேல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் சில ஆயிரம் ஆண்டுப் பழமை உடையவை. பின்னாளில் சயாம் நாட்டுக்கென்றே இங்கே ஒரு வகைத் துணி அச்சானது. அதற்குப் பெயர் சௌதாகிரி. சௌதாகர் என்றால் வணிகன். துணியின் பெயரே வியாபாரிதான், பார்த்தீர்களா!

அந்தத் துணிகளுக்குக் கட்டை செதுக்கிக் கொடுத்த ஊர் காந்திநகருக்குப் பக்கத்தில் உள்ள பெத்தாபூர். தேக்குக் கட்டையை இழைத்து, மேலே வெள்ளை பூசி, அதில் படத்தைப் பதித்து, வில் போட்டுச் சுழற்றும் துளைக்கருவியாலும் சிற்றுளியாலும் வேண்டாத இடத்தைத் தோண்டி எடுக்கிறார்கள். ஒரு பூவுக்கு ஒரு கட்டை போதாது. கோட்டுக்கு ஒன்று, உள்நிறத்துக்கு ஒன்று, பின்புலத்துக்கு ஒன்று என்று நிறத்துக்கு நிறம் கட்டை மாறும். ஒன்றின் மேல் ஒன்று பிசகாமல் உட்கார மூலையில் சிறு புள்ளி அடையாளம் வைப்பார்கள். நுணுக்கம் என்றால் இதுதான்.

சரி, வாழ்த்துக்கு வருவோம். லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு முதல் கிறிஸ்துமஸ் அட்டையை வெளியிட்டது 1843-ல். கல்லச்சில் அச்சிட்டுக் கையால் நிறம் தீட்டினார்கள். விலை ஒரு ஷில்லிங். அதற்கு 233 ஆண்டு முன்பே, 1610-ல், ஆக்ராவின் சமணச் சங்கத்தார் விஜயசேன சூரி என்ற ஆசாரியருக்கு ஒரு நீண்ட ஓவிய மடலை அனுப்பினார்கள். தீட்டியவர் உஸ்தாத் சாலிவாகனர். பர்யூஷண நாட்களில் உயிர்க்கொலை கூடாது என்ற ஜஹாங்கீரின் ஆணை அதில் படமாக இருக்கிறது. இவ்வகை மடலுக்கு விஞ்ஞப்தி பத்திரம் என்று பெயர். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் வந்து தங்குங்கள் என்ற அழைப்பும், பிழை பொறுங்கள் என்ற வேண்டுதலும் அதில் இருக்கும். இன்றும் பர்யூஷணம் முடிந்ததும் 'மிச்சாமி துக்கடம்' என்று மன்னிப்புக் கேட்கும் அட்டைகள் இந்த ஊரில் அச்சாகின்றன. காகிதத்தில் அழகு சேர்த்து, தொலைவில் இருப்பவருக்கு மனசைச் சொல்லி அனுப்புவது நமக்கு இரவல் சரக்கு அல்ல.

அச்சுக்கட்டையும் வாழ்த்தும் சேரும் இடம்தான் கையால் செய்யும் அட்டை. துணி மையை உறிஞ்சும். காகிதம் அவ்வளவு உறிஞ்சாது. ஆகவே மை கெட்டியாகவும் மெல்லிசாகத் தடவியும் இருக்க வேண்டும். அட்டைக்கு அடியில் நாலு மடிப்புத் துணி போட்டுக்கொள்ளுங்கள். கட்டையை நேராக வைத்து, உள்ளங்கை அடியால் அழுத்தி, ஆட்டாமல் நேராகவே தூக்குங்கள். எழுத்து வேண்டுமென்றால் கட்டையில் இடவலம் மாற்றிச் செதுக்கியிருக்க வேண்டும்.

இன்னும் சில உபாயங்கள். ஒரு முறை மை தொட்டு மூன்று முறை ஒற்றினால், பூ ஒன்றைவிட ஒன்று மங்கிக்கொண்டே போகும். மங்கினது தூரத்தில் இருப்பது போலத் தெரியும். ஒற்றிய பானையின் அதே அளவில் ஒரு தாளை வெட்டி அதை மூடிக்கொண்டு, பக்கத்தில் கரும்பை ஒற்றிவிட்டுத் தாளை எடுத்தால், கரும்பு பானைக்குப் பின்னால் போய் நிற்கும். கட்டை இல்லாத வீட்டில் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ தயார். உருளைக்கிழங்கில் வேண்டிய உருவத்தைச் செதுக்கலாம். ஈரத்தை மட்டும் துடைத்துவிட வேண்டும்.

இதையெல்லாம் இந்த மலரில் ஏன் எழுதுகிறேன்? சௌதாகிரி வாணிபம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு ஓய்ந்தது. பிறகு இயந்திர அச்சு வந்தது. துணிக்கட்டைக்குக் கேட்பு குறைந்தது. நான் போய்ப் பார்த்தவரை, பெத்தாபூரில் உளி பிடிக்கும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பழைய கட்டைகள் மேசை அலங்காரமாக விற்கின்றன. இன்னொரு பக்கம், மாட்டுவண்டியும் பொங்கல் பானையும் போட்ட நம்ம பொங்கல் வாழ்த்து அட்டை செல்பேசி வந்த பிறகு ஏறக்குறைய நின்றே போச்சு. கை போன துணி ஒரு பக்கம், கை போன வாழ்த்து ஒரு பக்கம்.

ஒன்றுக்கு ஒன்று உதவலாமே என்பது என் கணக்கு. பொங்கல் பானை, கரும்பு, கோலம் என்று உள்ளங்கை அளவில் நாலு கட்டைகளைப் பெத்தாபூரில் செதுக்கச் சொல்லி நம் சங்கம் வாங்கி வைக்கலாம். வருஷா வருஷம் நம் பிள்ளைகள் அட்டையில் ஒற்றி ஊருக்கு அனுப்பட்டும். நல்ல கட்டை நம்மைவிட அதிக நாள் உழைக்கும். செதுக்குபவருக்கு ஒரு வேலை. ஊரில் இருக்கும் பாட்டிக்கு ஒரு தபால். ஒற்றியதில் ஒரு மூலை மங்கியிருந்தால் இருக்கட்டும். இது என் கையால் அனுப்பியது என்று அந்த மங்கலே சொல்லும். லோத்தல் வியாபாரி களிமண்ணில் சொன்னதும் ஏறக்குறைய அதைத்தானே!