வேலியோரத்து மருதாணி

சுற்றுச்சுவர்கள் எழும் முன், திருவரங்குளத்துச் செம்மண்ணில் பல வீடுகளின் எல்லையாக நின்றது மருதாணிச் செடியே. பெருநாள் இரவில் பெண்மக்கள் இலை பறித்து அம்மியில் அரைப்பார்கள். இப்போது கடையில் கூம்பு கிடைக்கிறது. சென்ற பெருநாளில் ‘கறுப்பு மருதாணி’ என்று வாங்கிய ஒரு கூம்பு என் மகளின் கையைக் கொப்புளிக்கச் செய்தது. அதன் பிறகே இச்செடியைப் பற்றித் தேடிப் படித்தேன்.

மருதாணி இலை தானாகக் கறுப்பு நிறம் தருவதில்லை. அதிலுள்ள லாசோன் எனும் சாயப்பொருள், தோலிலும் முடியிலும் உள்ள கெரட்டினுடன் இணைந்து செம்பழுப்பையே தரும். உடனடிக் கறுப்புக்காகக் கலக்கப்படுவது பாராஃபினைலின்டையமின் எனும் முடிச்சாய ரசாயனம். தோலைப் புண்ணாக்குவது பெரும்பாலும் அதுவே.

அரபியர் இதை ஹின்னா என்பர். தமிழில் மருதோன்றி, அழவணம் என்ற பெயர்களும் உண்டு. ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றியின்போது, அபூபக்ர் (ரலி) அவர்களின் தந்தை அபூ குஹாஃபா, தலையும் தாடியும் வெண்பூவாய் நரைத்த நிலையில் அழைத்து வரப்பட்டார். அந்நரையை மாற்றுமாறும் கறுப்பைத் தவிர்க்குமாறும் நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. (அது நரைமுடி பற்றிய செய்தி, கைமருதாணிக்கு அதை நீட்ட நான் துணியேன்.) அபூபக்ர் (ரலி) மருதாணியுடன் கதம் எனும் செடியைக் கலந்து சாயமிட்டார்கள், உமர் (ரலி) மருதாணியை மட்டுமே பயன்படுத்தினார்கள். காயத்திற்கும் முள் குத்திய இடத்திற்கும் நபியவர்கள் மருதாணி வைக்கச் சொன்னதை, பணிப்பெண் ஸல்மா (ரலி) வழியாகத் திர்மிதி பதிவு செய்துள்ளார்.

1753-இல் லின்னேயஸ் இதற்கு லாசோனியா இனெர்மிஸ் என்று பெயரிட்டார். ‘இனெர்மிஸ்’ என்றால் முள்ளற்றது. முதிர்ந்த கிளையின் நுனியோ முள்ளாகும். அதனால் முள்ளுள்ளதை வேறோர் இனமென்றே அவர் எழுதிவிட்டார். வேலிக்கு இதைத் தேர்ந்த நம் மூதாட்டியர் அப்படி ஏமாறவில்லை.

வளர்ப்பதும் எளிது. முற்றிய கிளையிலிருந்து பென்சில் பருமனில் ஒரு சாண் குச்சியை வெட்டி, மழைக்காலத்தில் நட்டால் போதும். நீர் தேங்கக் கூடாது. வேர் பிடித்தபின் வறட்சியைத் தாங்கும். அவ்வப்போது நீர் கிடைத்தால் ஆண்டு முழுதும் பசுமையாய் நிற்கும். அடிக்கடி கத்தரித்தால் அடர்ந்து வேலியாகும், ஆனால் பூ குறையும். மணம் வேண்டுவோர் ஒரு பக்கத்தைக் கத்தரிக்காமல் விடட்டும்.

எங்கள் வாசலில் மூன்று குச்சிகள் நட்டோம். இரண்டு துளிர்த்திருக்கின்றன.