கட்டியக்காரனும் கதாநாயகியும்

அரூர் வட்டாரத்துச் சிற்றூர்களிலே பாரதக் கூத்து நடக்கும் இரவுகளை நாம் கண்டிருக்கிறோம். துரியோதனன் தொடை தட்டுகிறான், பாஞ்சாலி கூந்தலை விரித்துச் சூளுரைக்கிறாள், மத்தளம் முழங்குகிறது, கூட்டம் மூச்சடக்கி அமர்ந்திருக்கிறது. அந்த வேளையில் ஒருவர் எழுந்து வந்து கட்டியக்காரன் கையிலே பணத்தைத் திணிக்கிறார். ஆட்டம் நிற்கிறது. இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார், அன்பளிப்பு இவ்வளவு ரூபாய் என்று கட்டியக்காரன் உரக்கக் கூவுகிறான். கொடுத்தவர் மீசையைத் தடவியபடி இடத்தில் அமர்கிறார். ஆட்டம் மீண்டும் தொடங்குகிறது.

சுவை கெடுகிறதே என்று முணுமுணுப்போர் உண்டு, நாமும் முணுமுணுத்ததுண்டு. எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பணம் கொடுத்தவர் யார், கூத்து எங்கே நின்றது, எங்கே மறுபடி தொடங்கிற்று - அத்தனையும் ஊரறிய நடக்கிறது! எண்ணெய்க் கடைக்காரர் நூறு ரூபாய் கொடுத்துவிட்டார் என்பதற்காக, "பாஞ்சாலியே! உன் கூந்தலுக்கு ஏற்றது இன்னார் கடை எண்ணெயே!" என்று துரியோதனன் பேசுவதில்லை. பேசினால் ஊர் சிரிக்கும்.

அரூருக்கு அருகே தீர்த்தமலைக் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயிலுக்குக் கொட்டிக் கொடுத்தது முறைதானா என்பது வேறு வழக்கு. அதனை இங்கே எடுக்கவில்லை. கொடைக் கல்வெட்டு எழுதப்படும் முறையை மட்டும் பாருங்கள். எந்த மன்னன், எத்தனையாவது ஆட்சியாண்டு, கொடுத்தவன் யார், கொடுத்தது என்ன, எதன்பொருட்டு என்று கல்லிலே வெட்டி வைப்பார்கள். குழல்விளக்கின் மேல் 'உபயம்' என்று எழுதிப் பாதி ஒளியை அடைத்துவிடும் இன்றைய வள்ளலும், வெளிச்சத்தை மறைக்கிறாரேயன்றித் தம்மை மறைத்துக் கொள்வதில்லை.

இந்த நேர்மை தொலைக்காட்சியிலே எப்படித் தேய்ந்தது என்பதே நாம் சொல்ல வந்த வரலாறு.

வணிகன் முதலில் ஏறியது வானொலியின் தோளில். அமெரிக்கச் சோப்பு ஆலைகள் 1930களில் பகல்நேர வானொலித் தொடர்களுக்குப் பணம் கொடுத்தன. 'சோப்பு நாடகம்' என்ற பெயரே அவ்வகைக் கதைகளுக்கு நிலைத்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, 1927ஆம் ஆண்டிலேயே, அந்நாட்டு வானொலிச் சட்டம் ஒரு கட்டளை இட்டிருந்தது: காசு வாங்கிக்கொண்டு ஒலிபரப்பினால், கொடுத்தவர் பெயரை அறிவித்தே தீரவேண்டும்! நம் கட்டியக்காரன் எந்தச் சட்டமும் படிக்காமல் செய்துவந்த வேலையை அங்கே சட்டம் போட்டுச் செய்யவேண்டியிருந்தது.

இங்கே? அகில இந்திய வானொலி விளம்பரத்தைத் தீண்டாமல் இருந்தது. அமைச்சர் கேஸ்கர் காலத்தில் திரைப்பாட்டுக்கும் அங்கே இடமில்லாது போகவே, மக்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். பினாக்கா என்னும் பற்பசையின் பெயரைத் தாங்கி 1952இல் இந்திப் பாட்டு வரிசை ஒன்று அங்கிருந்து புறப்பட்டது. தமிழ்ப் பாட்டும் தமிழ் விளம்பரமும் கடல் தாண்டி வந்து நம் தேநீர்க் கடைகளை நிறைத்தன. விழித்துக்கொண்ட டில்லி, 1957இல் விவித பாரதியைத் தொடங்கி, 1967 நவம்பர் முதல் நாள் அதில் விளம்பரத்தையும் நுழைத்தது.

தொலைக்காட்சி டில்லியில் 1959 செப்டம்பர் 15ஆம் நாள் தோன்றிற்று. சென்னைக்கு 1975 ஆகஸ்டு 15இல்தான் வந்தது. அரூர் அப்போது அதன் வீச்சுக்கு நெடுந்தொலைவில் இருந்தது. 1976 சனவரி முதல் நாள் தொலைக்காட்சியிலும் விளம்பரம் புகுந்தது. எட்டாண்டுகள் சென்று, 1984 சூலை 7இல், 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடர் வந்தது. குடும்ப நலத்தைக் கதைவழியே போதிக்கலாம் என்பது அரசின் எண்ணம். அதற்குப் பணம் கொடுத்தது மாகி நூடுல்ஸ் விற்ற நிறுவனம். அறிவுரை மிகுகிறது என்று பார்த்தவர்கள் சலித்துக்கொள்ளவே, தொடக்கப் பகுதிகளுக்குப் பின் குடும்ப நலம் குறைக்கப்பட்டது. நூடுல்ஸ் குறைக்கப்படவில்லை! தமிழ்நாட்டிலே பெரும்பாலோருக்கு அந்தக் கதையின் மொழி விளங்கவில்லை. சரக்கு மட்டும் மொழிபெயர்ப்பின்றி விளங்கிற்று.

1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி பிறந்தபின் நம் மொழியிலேயே கடை விரிந்தது. 'பெப்சி உங்கள் சாய்ஸ்' என்ற நிகழ்ச்சியை யார் மறப்பார்? தொகுத்து வழங்கிய அம்மையாரைத் தமிழகம் 'பெப்சி உமா' என்றே அழைத்தது. தந்தை பெயர் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு குளிர்பானம் தலைப்பெழுத்தாக நின்றது! விஜய் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டி 'ஏர்டெல் சூப்பர் சிங்கர்' என்றே பல்லாண்டுகள் அறியப்பட்டது. சிரிப்பு வருகிறது, சினம் வரவில்லை. ஏனெனில் இவையெல்லாம் உபயக் குழல்விளக்குகள். பெயர் வெளியே நிற்கிறது. காசு எவருடையது என்பது பிள்ளைக்கும் தெரியும்.

அடுத்த படிதான் ஆபத்தானது. விளம்பர இடைவேளை வந்ததும் மக்கள் வேறு நிலையத்துக்குத் தாவுகிறார்கள் என்பதைக் கண்ட வணிகன், இடைவேளையை விட்டுக் கதைக்குள்ளேயே குடிபுகுந்தான். நடுவரின் மேசையில் பெயர் தெரியும்படி ஒரு கோப்பை; தொடரின் குடும்பம் கல்யாண நகை எடுக்கப் புறப்பட்டால் பெயர்ப்பலகை பளிச்சிடும் ஒரு கடை; பிள்ளை சோர்ந்து வந்தால் தாய் கலக்கிக் கொடுக்கும் ஒரு பானம். அது கதையா, கடையா?

சட்டம் என்ன செய்தது? 1994ஆம் ஆண்டின் கம்பிவடத் தொலைக்காட்சி விதிகள், விளம்பரம் நிகழ்ச்சியினின்றும் தெளிவாகப் பிரித்தறியத் தக்கதாக இருக்கவேண்டும் என்கின்றன. 1995 பிப்ரவரி 9ஆம் நாள், வானலைகள் பொதுமக்களின் உடைமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006இல், மணிக்குப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் விளம்பரம் கூடாது என்ற விதி சேர்க்கப்பட்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் அதனை உறுதியாக நடைமுறைப்படுத்த முனைந்தபோது நிலையங்கள் வழக்கு மன்றம் ஏறின. நிமிடக் கணக்கிற்கு இவ்வளவு போர்! ஆனால் கதைக்குள் இருக்கும் கோப்பைக்கு எந்தக் கடிகாரம்? நிமிடத்தை இறுக்க இறுக்கச் சரக்கு கதைக்குள் கசிவது இயல்பே. புகையிலைக்கு மட்டும் கதவு சாத்தப்பட்டது; 2012 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், அதன் வணிகப் பெயரைத் திரையிலும் தொலைக்காட்சியிலும் காட்டலாகாது என்றன. ஏனைய சரக்குகளைப் பற்றி அவ்வளவு தெளிவான ஒரு சொல் இல்லை.

பிரிட்டன் இந்தத் துறையிலே அடிபட்டுத் தெளிந்த நாடு. அங்கே 1955 செப்டம்பர் 22இல் வணிகத் தொலைக்காட்சி தொடங்கியபோது, விளம்பரம் இடைவேளையில் மட்டுமே என்பது சட்டம். வணிகர்கள் வழி கண்டார்கள். 'ஜிம்மின் விடுதி' என்றொரு நிகழ்ச்சி. மதுக்கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஊர்க்கதை பேசுவதுபோல் சரக்குகளின் விலையையும் சிறப்பையும் பேசிக்கொள்வார்கள். மக்கள் விரும்பிப் பார்த்தார்கள் என்பதும் உண்மை. 1962இல் பில்கிங்டன் குழு அதைக் கண்டித்தது. அடுத்த ஆண்டே அவ்வகை நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன. 2011 பிப்ரவரி 28 முதல், கதைக்குள் சரக்கு வைக்கலாம் என்று மறுபடி இசைந்தார்கள். ஆனால் எப்படி? 'பி' என்ற எழுத்து அடையாளம் நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் முடிவிலும், இடைவேளைக்குப் பின்னரும் திரையில் தோன்றவேண்டும். சிறுவர் நிகழ்ச்சியிலும் செய்தியிலும் கூடவே கூடாது. மது, சூதாட்டம், சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த தின்பண்டம் - இவற்றுக்கு இடமே இல்லை.

பணம் இல்லாமல் நிகழ்ச்சி எங்ஙனம் நடக்கும் என்று கேட்பார்கள். பணம் வாங்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லையே! கட்டியக்காரனும் வாங்கினான், வாங்கியதைச் சொன்னான்.

தமிழக அரசு 2006 முதல் 2011 வரை வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. அரூர் வட்டாரத்தில் கரும்பு வெட்டும் பாட்டாளியின் வீட்டிலும், சித்தேரி மலையடிவாரக் குடிசையிலும் உலகம் திரையாக வந்து நின்றது. நல்லது, ஏழை வீட்டுக்கு ஒளி வந்தால் நாம் மகிழாமல் வேறு யார் மகிழ்வார்? அந்த வீட்டிலே, நாள் கூலியில் பாதியைக் கடனுக்குக் கொடுத்த தாய், மாலையில் தொடர் பார்க்கிறாள். விளம்பரத்தை அவள் நம்புவதில்லை. அது விற்கவந்தவன் பேச்சு என்பது தெரியும். கதாநாயகியை நம்புகிறாள், அவளுக்காக அழுதிருக்கிறாள். 'ஆரோக்கிய பானம்' என்றொரு வகை உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை என்று கூறி, இணைய வணிகர்கள் அத்தலைப்பின்கீழ் பானங்களை விற்கவேண்டாம் என 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவுறுத்தியது. அந்தச் செய்தி அவளுக்கு எட்டவில்லை. கதாநாயகி கலக்கிக் கொடுத்த பானத்தின் சிறு பொட்டலம் ஒன்றை மறுநாள் கடையிலே கேட்கிறாள். கடைக்காரர் எடுத்துத் தருகிறார். அந்தக் காட்சிக்குக் காசு கொடுத்தவர் யார் என்பது முந்திய இரவு அவள் பார்த்த திரையில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.