வடிகால் யாருடைய பொறுப்பு?



மழைக்காலம் வந்துவிட்டால் வீடமைப்புப் பகுதிகளில் ஒரு வாக்குவாதம் தவறாமல் எழும். அடைபட்ட வடிகாலைத் தூர்வார வேண்டியவர் யார்? குடியிருப்போர் மன்றத்தைக் கைகாட்டுவர். மன்றம் மேம்பாட்டாளரைக் கைகாட்டும். இவ்வழக்கின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

சுங்கை புரோங் கடலை ஒட்டிய தாழ்நிலம். கடல் வற்றும்போது நீர்க்கதவைத் திறந்து நீரை வெளியேற்ற வேண்டும்; கடல் பெருகும்போது மூட வேண்டும். பெருமழையும் கடற்பெருக்கும் ஒருசேர வந்தால் நீர் தேங்கும். எனவே இங்கு வடிகாலின்றி வாழ்வில்லை. 1932இல் வடிகால், நீர்ப்பாசன இலாகா தோற்றுவிக்கப்பட்டது. தஞ்சோங் காராங் நெல் திட்டமும் அந்த 1930களில்தான் தொடங்கியது. தோட்டங்களிலோ நம் முன்னோர் மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டினர். நிலம் ஒருவருடையதாக இருந்தமையால், பராமரிப்பும் அத்தோட்ட நிருவாகத்தையே சார்ந்திருந்தது.

நிலம் துண்டுகளாகி வீடுகள் எழுந்தபோது நிலை மாறியது. நீர் ஒன்று, நிலத்திற்கு உரியவரோ நூற்றுவர். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் வடிகால்களை அமைத்துப் பேணும் பணியை ஊராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. ஆயினும் அதே சட்டத்தின் 95(2)ஆம் பிரிவு மன்றங்களுக்கு ஒரு பாதுகாப்பையும் அளித்தது. அதன் பொருள் என்ன என்பதை நம் சிலாங்கூர் மாநிலத்தில் நேர்ந்த ஒரு துயரமே உணர்த்தியது. அது தாழ்நிலத்தில் அன்று, மலைச்சரிவில் நிகழ்ந்தது.

1993 டிசம்பர் 11ஆம் நாள், உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகளுள் ஒன்று சரிந்தது. 48 உயிர்கள் மாண்டன. பின்புறச் சரிவில் போதிய வடிகால் இல்லை. திசைதிருப்பப்பட்ட ஓடையின் நீர் மண்ணில் ஊறியது, தாங்குசுவர்கள் பெயர்ந்தன. எஞ்சிய இரு கட்டடங்களின் வீட்டுரிமையாளர்களும் வெளியேற நேர்ந்தது. அவர்கள் வழக்குத் தொடுத்தனர்.

2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் பழியைப் பலருக்கும் பகிர்ந்தளித்தது. மேம்பாட்டாளர், வரைவாளர், பொறியியலாளர், பின்புற நிலத்திற்கு உரியவர் முதலியோருடன் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்திற்கும் 15 விழுக்காடு பொறுப்புண்டு என்றது. வழக்கு மேல்முறையீடுகளைக் கடந்து கூட்டரசு நீதிமன்றத்தை அடைந்தது. 2006இல் அந்நீதிமன்றம், 95(2)ஆம் பிரிவு கழகத்தைக் காக்கிறது எனத் தீர்ப்பளித்தது. கட்டடம் சரிந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே இக்கேள்விக்கு விடை கிடைத்தது.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுதான்: ஒரு பணியைச் சட்டம் மன்றத்திடம் ஒப்படைத்திருப்பதனாலேயே, அப்பணி தவறும்போது நட்டத்தையும் மன்றமே ஏற்கும் என்று எண்ணிவிட இயலாது. ஆகவே வெள்ளம் வருமுன்னரே வினவுதல் வேண்டும். அடுக்குமாடிகளில் பொதுச் சொத்தாகிய வடிகாலைப் பேணுவது, 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிருவாகச் சட்டத்தின்படி நிருவாகக் கூட்டமைப்பின் கடமை. நாம் செலுத்தும் பராமரிப்புக் கட்டணம் அதற்கும் சேர்த்துத்தான். தனிவீடுகள் உள்ள தாமான்களில், மேம்பாட்டாளர் வடிகாலை மன்றத்திடம் முறையாக ஒப்படைத்தாரா என்பதை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுதல் நலம். அடைப்பைக் கண்டால் நாளும் படமும் சேர்த்துக் கடிதம் எழுதி, நகலைப் பத்திரப்படுத்துங்கள். வாய்மொழி முறையீடு மழையோடு கரைந்துவிடும்.

ஆசிரியர்களே, வரலாற்றுப் பாடத்தில் மன்னர்களைப் பற்றிக் கற்பிக்கிறோம். பள்ளி வாசலில் ஓடும் 'லோங்காங்' எங்குத் தொடங்கி எந்த நீர்க்கதவில் முடிகிறது, அதைக் காப்பவர் யார் என்று மாணவரை வரைபடம் வரையச் சொல்வோம். தம் ஊரின் நீர்வழியை அறிந்த பிள்ளை, நாளை வீடு வாங்கும்போது கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியதைக் கேட்கும்.