நல்ல பாடம் எண்டா ஏன் நிப்பாட்டினாங்க?

போன தவணை தரம் 9 பிள்ளைகளுக்குக் கைத்தறி பற்றி ஒரு குழுச் செயற்றிட்டம் கொடுத்தோம். வரலாறு, கணிதம், விஞ்ஞானம், தமிழ் ஆகிய நான்கு பாடங்களுக்கும் அந்த ஒரே வேலைக்குத்தான் புள்ளி. முடிந்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னேன். அநேகமானவை "இதன்மூலம் ஒற்றுமையாகச் செயற்படக் கற்றுக்கொண்டோம்" என்ற ரகம். நாங்களே பழக்கிவிட்ட வசனம்தானே, பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது.

ஒரு மகள் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள்:

"40ஆம் இலக்க நூலில் ஒரு இறாத்தலுக்கு 33,600 யார் இருக்கும். 840ஐ 40ஆல் பெருக்கினால் வரும். கிலோமீற்றருக்கு மாற்றினேன், கிட்டத்தட்ட 31. மருதமுனையில் ஒரு முனையைப் பிடித்தால் மற்ற முனை அக்கரைப்பற்றைத் தாண்டிப் போகும். மூத்தாப்பாவிடம் சொன்னேன், சிரித்தார். அவர் படிக்கும்போது நெசவு ஒரு பாடமாகவே இருந்ததாம். பிறகு நிப்பாட்டிட்டாங்களாம். நல்ல பாடம் எண்டா ஏன் நிப்பாட்டினாங்க?"

வரலாறு படிப்பிக்கிற எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நமது நாட்டில் இது முதலில் தொடங்கியது 1932இல், கண்டி மாவட்டத்து ஹந்தெஸ்ஸவில். கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலம். கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் படிப்பைக் கிராமத்து வாழ்க்கையிலிருந்தே எடுப்பது, வேளாண்மை, கைப்பணி, சுகாதாரம் எல்லாவற்றையும் வாசிப்போடும் கணக்கோடும் சேர்ப்பது என்பதுதான் திட்டம். இந்தியாவில் காந்தி வார்தாவில் இதைப் போன்ற ஒன்றைப் பேசியது ஐந்து வருடம் கழித்து, 1937இல். அதற்குப் பாடத்திட்டம் வரைந்த குழுவின் தலைவர் ஜாமிஆ மில்லியாவின் ஸாகிர் ஹுஸைன், பிற்காலத்து இந்திய ஜனாதிபதி.

ஹந்தெஸ்ஸ நிலைக்கவில்லை. அதே கன்னங்கரா தொடங்கிய மத்திய கல்லூரிகள்தான் மக்களை இழுத்தன. அங்கே ஆங்கிலம் இருந்தது, ஆங்கிலத்துக்குப் பின்னால் உத்தியோகம் இருந்தது. மண்வெட்டியையும் ஆங்கிலத்தையும் முன்னால் வைத்தால் ஒரு விவசாயி தன் மகனுக்கு எதை எடுப்பார்? அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

இரண்டாம் முயற்சிதான் மூத்தாப்பா படித்தது. 1971 ஏப்ரலில் கிளர்ச்சி. அதில் இறங்கியவர்களில் பெருந்தொகையானோர் படித்தும் வேலையில்லாத கிராமத்து இளைஞர்கள். அதே வருடம் சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் சார்பில் வந்த டட்லி சீர்ஸ் குழுவும், படிப்பு வளர்க்கிற எதிர்பார்ப்பும் நாட்டில் இருக்கிற வேலையும் பொருந்தவில்லை என்றது. 1972இல் சீர்திருத்தம் வந்தது. கல்வி அமைச்சர் நமது பதியுதீன் மஹ்மூத், ஒரு காலத்தில் கம்பளை ஸாஹிராவின் அதிபர். சா/தவுக்குப் பதில் என்.சி.ஜி.ஈ. வரலாறும் புவியியலும் குடியியலும் சேர்ந்து சமூகக்கல்வி ஆனது, விஞ்ஞானமும் ஒன்றாக்கப்பட்டது. இவற்றோடு தொழில் முன்னிலைப் பாடம் என்று ஒன்று. அந்தந்த ஊர்த் தொழிலை வகுப்புக்குள் கொண்டுவரலாம். கடலோரத்தில் மீன்பிடி, நம்மிடம் நெசவு.

பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்ததும் இதே அமைச்சர் காலத்தில்தான். அது தமிழ் மாணவர்களுக்குச் செய்த அநீதியை மறைத்துவிட்டு நமது அமைச்சரைப் புகழ எனக்கு விருப்பமில்லை. அதற்காகப் பாடத்திட்டத்தில் இருந்த நல்ல யோசனையைத் தள்ளவும் முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மூத்தாப்பாவைப் பார்க்கப் போனேன்.

"எங்கட வாப்பாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கல்ல சேர்," என்றார். "தறிக்குழிக்குள்ள நான் கிடக்கிறது போதாதா, நீ பள்ளிக்குடத்துக்குப் போயும் நெய்யணுமா எண்டு கேட்டார். படிப்பிச்ச மாஸ்டருக்கும் நெசவு தெரியா. நாங்கதான் அவருக்குக் காட்டிக் கொடுத்த."

நான் வாசித்த பக்கங்களை விட இந்த நாலு வசனம் தெளிவு. பயிற்சி பெற்ற ஆசிரியர் போதாது, கருவி போதாது, வசதியான வீட்டார் தங்கள் பிள்ளைக்கு அதை விரும்பவில்லை. நெசவாளியின் மகனுக்கு நெசவு, டாக்டரின் மகனுக்கு எப்படியும் டாக்டர் படிப்பு என்று ஆகிவிடுமோ என்ற பயம் நியாயமான பயம். 1977 ஜூலையில் ஆட்சி மாறியது. சா/த திரும்பி வந்தது, தொழில் முன்னிலைப் பாடம் போனது. யாரும் அழவில்லை.

தொண்ணூறுகளின் இறுதியில் செயற்றிட்டம், ஒப்படை, பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று மீண்டும் வந்தது. நான் அதில் படித்தவன். உண்மையைச் சொல்கிறேன், எனது ஒப்படைகளில் பாதி சாச்சியின் கையெழுத்து. அழகாக எழுதுவா, முழுப் புள்ளியும் கிடைத்தது. இப்போதும் பிரிஸ்டல் போர்ட்டில் ரெடியாக வாங்கி வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். புதிய சீர்திருத்தம் பற்றிப் பேசும்போது பெற்றார் முதலில் கேட்பது "எவ்வளவு செலவாகும்?" என்பதுதான்.

அந்த மகளுக்கு நான் சொன்ன பதில் இது: உன் மூத்தாப்பாவுக்குத் தறியைக் காட்டியவர்கள், அந்த நூலை வைத்து 840ஐ 40ஆல் பெருக்கச் சொல்லவில்லை. தறியில் தொடங்கித் தறியிலேயே விட்டுவிட்டார்கள். அதனால்தான் அவருடைய வாப்பாவுக்கு அது படிப்பாகத் தெரியவில்லை.

அவள் முழுக்க ஏற்கவில்லை. "அப்ப மாஸ்டர்மாருக்கு நெசவும் தெரியணும், கணக்கும் தெரியணும் சேர்" என்றாள். எனக்கு நெசவு தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

மூத்தாப்பாவும் அவளுடைய பக்கத்தை வாசித்துவிட்டு ஒரு பிழை பிடித்திருக்கிறார். "31 கிலோமீற்றரும் துணியாகாது மகள். பாவு ஓட்டக்குள்ள அறுகிறது, முடிச்சுப் போடுறது, கடைசியில தறியில மிஞ்சிற துண்டு, அதெல்லாம் கழிச்சியா?" இப்போது அவள் அந்தக் கழிவு எத்தனை சதவீதம் என்று நிறுத்துப் பார்க்க, விஞ்ஞான கூடத்துத் தராசை இரண்டு நாளைக்குக் கேட்டிருக்கிறாள்.